முதல் கோணமா, மூன்றாம் கோணமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறைக்கு வருவதில் பெரும்பாலும் செம்பனை (பாமாயில்) ஆலை வேலைதான். தேய்ந்த ஷாஃப்ட் (சுழலும் தண்டு), உடைந்த பிராக்கெட் (தாங்கி), கன்வேயர் சாமான். ஒரு பொருளைப் பல பக்கமிருந்து பார்த்த படங்களைத் தாளில் அடுக்க முதல் கோணம், மூன்றாம் கோணம் என்று இரண்டு முறை உண்டு; டிராயிங்கோ இரண்டு வகையிலும் வரும். நாங்களே வரைவதை மட்டும் போன மாதத்திலிருந்து மூன்றாம் கோணத்துக்கு மாற்றிவிட்டேன்.

முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம், மறைந்த விளிம்புக்கு விட்டு விட்டுப் போகும் கோடு, இதெல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். எதை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. முதல் கோணத்தில் பொருளுக்குப் பின்னால் உள்ள சுவரில் படம் விழுகிறது என்று கணக்கு. அதனால் மேல்தோற்றம் கீழே போகும், இடப்பக்கத் தோற்றம் வலது பக்கம் போகும். மூன்றாம் கோணத்தில் கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே ஜன்னல் கண்ணாடி மாதிரி ஒரு தகடு, படம் அதில் விழுகிறது என்று கணக்கு. மேலே பார்த்தது மேலே, வலப்பக்கம் பார்த்தது வலப்பக்கம். ஐரோப்பாவும் இந்தியாவும் முதல் கோணம், அமெரிக்காவும் ஜப்பானும் மூன்றாம் கோணம்.

எனக்கு முடிவைச் சொன்னது நீள ஷாஃப்ட்தான். இரண்டு மீட்டர் ஷாஃப்ட், இடது முனையில் கீவே, அதாவது சாவிக்கட்டை உட்கார வெட்டும் பள்ளம். முதல் கோணத்தில் அந்த முனையின் தோற்றம் தாளின் வலது ஓரத்தில் இருக்கும், லேத்தில் நிற்கும் தம்பி எண்ணெய்க் கையோடு இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் விரலை நகர்த்திக்கொண்டே இருப்பான், நடுவில் யாராவது கூப்பிட்டால் போச்சு. மூன்றாம் கோணத்தில் கீவேயும் அதன் தோற்றமும் ஒட்டியே இருக்கும்.

இதைவிடக் கசப்பான பாடம் ஒரு பிராக்கெட்டில் கிடைத்தது. ஓர் ஆலையிலிருந்து வந்த முதல் கோண டிராயிங்கின் நகல், மூலை வெட்டுப்பட்டிருந்தது. பிராக்கெட்டின் காது மேலே நீட்டிக்கொண்டிருந்ததால் முன்தோற்றத்தை வைத்து அது முன்னா பின்னா என்று சொல்ல முடியாது. வலது பக்கம் இருந்த படத்தை வலப்பக்கத் தோற்றம் என்று நானே படித்தேன். அது இடப்பக்கத் தோற்றம். பின்னால் வரவேண்டிய காது முன்னால் வந்தது. அளவெல்லாம் மில்லிமீட்டர் பிசகாமல் சரி, பொருள்தான் கண்ணாடியில் பார்த்த மாதிரி. வெட்டி, திருப்பி வெல்டிங் அடித்துக் கொடுத்தோம், கூலி கேட்க வாய் வரவில்லை.

வெட்டுப்பட்ட மூலையில்தான் எந்தக் கோணம் என்று காட்டும் கூம்புக் குறி இருந்திருக்கும்: நுனி வெட்டிய கூம்பின் பக்கத்தோற்றம், அதன் அருகே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம். கூம்பின் ஒல்லி முனை வட்டங்களைப் பார்த்திருந்தால் மூன்றாம் கோணம், தடித்த முனை பார்த்திருந்தால் முதல் கோணம்.

முதல் கோணத்திலேயே படித்து வளர்ந்த அண்ணன்மார்களுக்கு நான் சொல்வது அபத்தமாகத் தோன்றலாம். அவர்கள் கை அதற்குப் பழகியது, தப்பும் வராது. நான் பார்த்ததும் சின்னச் சாமான்கள்தான், பெரிய குழாய் வேலைக்கு இதே கணக்கு செல்லுமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் முதல் கோணத்தில் அனுப்பினால் அப்படியேதான் செய்கிறோம், மாற்றி வரைவதில்லை. அதில் இன்னொரு தப்பு நுழையும். குறியைச் சிவப்புப் பேனாவில் வட்டமிட்ட பிறகுதான் தாள் லேத்துக்குப் போகும். குறி இல்லையா, முதலில் ஒரு போன்.