நீட் தேர்வில் முதலில் தொட வேண்டியது உயிரியலா, இயற்பியலா?

பாடங்களை முடித்து மாதிரித் தேர்வுக்கு உட்கார்ந்ததும் நீட் மாணவர்களிடையே கிளம்பும் முதல் சண்டை இதுதான். 2025-இல் விருப்பக் கேள்விகளோடு கூடுதலாக இருந்த 20 நிமிடமும் போய்விட்டதால் சண்டை இன்னும் சூடாகிவிட்டது. இப்போது 180 கேள்வி, 180 நிமிடம். இயற்பியலும் வேதியியலும் தலா 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறானால் 1 போகும்.

கணக்குப் போடத் தலை தெளிவாக இருக்க வேண்டும், நாலரை மணிக்குக் களைத்த மூளையோடு லென்ஸ் சூத்திரத்தோடு மல்லுக்கட்ட முடியாது என்கிறது இயற்பியல் கட்சி. நியாயம்தான். ஆனால் தேர்வு தொடங்குவதே மதியம் 2 மணிக்கு. மே மாத வெயிலில் வரிசையில் நின்று, ஒன்றரைக்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்திருப்பவருக்கு அப்போதும் தலை அப்படியொன்றும் தெளிவாக இருக்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒரு சுழற்சி இயக்கக் கணக்கு சிக்கிக்கொண்டால் ‘இன்னும் ஒரே நிமிடம்’ என்று ஐந்து நிமிடம் ஓடிவிடும். கிடைக்கப்போவது 4 மதிப்பெண். பாடப்புத்தகத்தை வரிவரியாகப் படித்தவர் அதே ஐந்து நிமிடத்தில் உயிரியலில் எட்டுப் பத்துக் கேள்வியை முடித்துவிடுவார். அதனால் நான் உயிரியல் பக்கம். 2.50-க்குள் அதை முடித்து, வேதியியலுக்கு 50 நிமிடம், மிச்சமெல்லாம் இயற்பியலுக்கு. நன்றாக வருகிறதே என்று உயிரியலிலேயே குடியிருந்துவிட்டால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇக்கும் சேர்த்துப் படித்து, இயற்பியலில் கை ஓடுகிறவர்களுக்கு மட்டும் இயற்பியல் கட்சி பொருந்தும்.

உயிரியலை முதலில் எடுப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. 2025 வினாத்தாளில் உயிரியல் தொடங்கியது 91-ஆம் கேள்வியில். என் அக்கா மகள் ஒரு மாதிரித் தேர்வில் அந்த விடைகளை, வட்டங்களை நிரப்பி விடை குறிக்கும் ஓஎம்ஆர் தாளில் 1-இலிருந்து நிரப்பிக்கொண்டே போனாள். பன்னிரண்டாவது வட்டத்தில்தான் உறைத்தது. பால்பாயிண்ட் பேனா, அழிக்கவும் முடியாது. அப்புறம் பேனாவை வைக்குமுன் கேள்வி எண்ணில் விரலை வைத்துப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

வட்டங்களைக் கடைசியில் மொத்தமாக நிரப்புகிறவர்களும் உண்டு. ஒன்றுக்கு நாலு விநாடி என்றாலும் 180-க்கு 12 நிமிடம். அதுவும் கை நடுங்கும் நேரத்தில். ஒவ்வொரு கேள்விக்கும் தாளை மாற்றி மாற்றிப் பார்த்தால் ஓட்டம் தடைப்படும். பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளை நிரப்புவதுதான் எனக்குச் சரி.

தெரியாத கேள்வியா? குருட்டாம்போக்கில் நாலு கேள்விக்கு அடித்தால், சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு: மிஞ்சுவது வெறும் 1 மதிப்பெண். இரண்டு விடைகளை உறுதியாகத் தள்ளிவிட்டு மிச்சத்தில் ஒன்றை எடுத்தால், இரண்டே கேள்வியில் 3 மிஞ்சும். ஒன்றைக்கூடத் தள்ள முடியவில்லையா, அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.