மலை, மரம், வீடு, வேலி: ஒரு காட்சி ஸ்டாம்ப் செட் பற்றி

வாழ்த்து அட்டையில் மை தடவி ஒற்றும் காட்சி ஸ்டாம்ப்கள் இரண்டு விதமாகக் கிடைக்கின்றன. மலை, ஏரி, வீடு எல்லாம் ஒரே ரப்பரில் செதுக்கப்பட்டு, ஒரே அழுத்தில் மொத்தப் படமும் விழுவது ஒரு விதம். மரம் தனி, மலைமுகடு தனி, பறவைக் கூட்டம் தனி என்று உதிரியாகக் கொடுத்து, காட்சியை நம் கையால் அடுக்க விடுவது இன்னொரு விதம். நான் வாங்கியது இரண்டாவது. போட்டோபாலிமர் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வகையில் செய்த ஒரு மலையடிவார செட். நண்பர்களின் பிறந்தநாள், பணி ஓய்வு, உடல்நலம் விசாரிப்பது என எல்லாவற்றுக்கும் இப்போது என்னிடமிருந்து போகிற அட்டைகள் இதில் செய்தவைதான். எந்த இரண்டும் ஒன்றுபோல் அமைந்ததில்லை. இதை வாங்கச் சொல்வதற்கு எனக்கு அது ஒன்றே போதும்.

உள்ளே உயரத்தில் வேறுபடும் மூன்று ஊசியிலை மரங்கள், இரண்டு மலைமுகடுகள், ஒரு புல்திட்டு, ஓட்டு வீடு, வேலி, பறவைகள், நீரலைக் கோடுகள், கூடவே சில வாழ்த்து வரிகள் இருக்கின்றன. வரைந்தவர் ஒரு விஷயத்தை மிக நன்றாக யோசித்திருக்கிறார். மரங்களுக்கும் மலைகளுக்கும் அடிக்கோடு கிடையாது. கீழே வரவரப் புள்ளிகளாக உதிர்ந்து மறைகின்றன. அடிக்கோடு போட்டிருந்தால் ஒவ்வொரு மரமும் வெட்டி ஒட்டிய படம்போலத் தனியாகத் தெரிந்திருக்கும். இதில் புல்திட்டை அடியில் சேர்த்து ஒற்றியதும் மரம் தரையில் ஊன்றி நிற்கிறது.

காட்சிக்கு உயிர் கொடுப்பது தூரம். முன்னால் நிற்க வேண்டிய மரத்தைக் கரும்பச்சை மை தடவி ஒற்றுகிறேன். மறுபடி மை தடவாமல், ஸ்டாம்பில் மிச்சமிருக்கும் மையோடு, சற்று மேலே தள்ளி இன்னொரு முறை ஒற்றினால் பச்சை நன்றாக வெளிறிவிடும். மூன்றாவது ஒற்றில் மரம் பனிமூட்டத்துக்குள் போய்விடுகிறது. ஒரே ஸ்டாம்ப், ஒரே மை. முன்வரிசை, நடுவரிசை, தொலைவு மூன்றும் வந்துவிட்டன. மலைமுகடு இன்னும் வெளிறியிருக்க வேண்டும் என்பதால், அதை முதலில் ஒரு வேண்டாத தாளில் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் அட்டைக்குக் கொண்டுவருவேன். முழுக்காட்சி ஸ்டாம்பில் இது வராது. வெவ்வேறு நிற மார்க்கர்களை ரப்பரிலேயே பகுதி பகுதியாகத் தடவினால் ஒழிய, மலையும் வேலியும் ஒரே கருமையில்தான் விழும்.

வீட்டுக்குப் பின்னால் மரம் வர வேண்டுமானால் மாஸ்கிங் செய்ய வேண்டும், அதாவது ஒற்றிய படத்தைத் தாளால் மூடிவிட்டு அடுத்ததை ஒற்ற வேண்டும். இதில் முன்னால் இருப்பதைத்தான் முதலில் ஒற்ற வேண்டும். வீட்டை அட்டையில் ஒற்றியபின், பசை ஓரமுள்ள குறிப்புத்தாளிலும் ஒருமுறை, பின்பக்கம் பசை இருக்கும் இடத்தில் படும்படி ஒற்றிக்கொள்ளுங்கள். அதை வெட்டி எடுத்து அட்டையில் இருக்கும் வீட்டை மூடி, அதன்மேல் மரத்தை ஒற்றுங்கள். தாளை உரித்ததும் மரம் கூரைக்குப் பின்னால் போயிருக்கும். வெட்டும்போது கோட்டுக்கு வெளியே இடம் விடவே கூடாது. மயிரிழை அளவு உள்ளே தள்ளி வெட்டுவதுதான் சரி. வெளியே விட்டால் கூரையைச் சுற்றி வெள்ளை விளிம்பு தங்கி, மரத்தை வீட்டிலிருந்து பிரித்துக் காட்டும்.

ஏரி வைக்கும் வேலை எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. நீரில் தெரியும் பிம்பத்துக்கு மரத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பி ஒற்றினால், வலப்பக்கம் நீண்ட கிளை இடப்பக்கம் போய்விடும். செதுக்கல் இல்லாத வழவழப்பான ரப்பர் தகட்டில் மரத்தை ஒற்றி, ஈரம் காய்வதற்குள் அந்தத் தகட்டைத் தலைகீழாக அட்டையில் அழுத்தினால் கிளை சரியான பக்கத்தில் விழும். கைமாறி வருவதால் மை மங்கலாகத்தான் பதியும். நீருக்கு அந்த மங்கல் பொருத்தமானது. அதன்மேல் வெளிர்நீலத்தில் அலைக்கோடுகளைக் குறுக்கே ஒற்றினால் போதும், வேறு எதுவும் தேவையில்லை.

மை எது என்பதில் அலட்சியம் வேண்டாம். வெளிறிக்கொண்டே போகும் மரங்களுக்கு டை மை, அதாவது சாயம் கரைந்த மை, நன்றாக வருகிறது. வீட்டின் நுண்கோடுகளுக்கு நான் எடுப்பது வெர்ஸாஃபைன் என்ற பிக்மென்ட் மை, அதாவது நிறத்துகள் கலந்த மை. கோடு கூர்மையாக விழும், காய மட்டும் நேரம் கொடுக்க வேண்டும். ஆல்கஹால் மார்க்கரால் வண்ணம் தீட்டுபவர்களுக்கு மெமென்டோ என்ற டை மை ஏற்றது, கோடு கலங்காது. வானத்துக்கு டிஸ்ட்ரெஸ் ஆக்சைடு என்ற மையை மென்மையான பிரஷ்ஷால் வட்டவட்டமாகத் தேய்க்கிறேன். வட்டமாக வெட்டிய தாளை முன்கூட்டியே ஒட்டி வைத்தால் அந்த இடம் நிலாவாகிவிடும். தேய்த்த வானத்தில் தண்ணீரைத் தெளித்து, துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தால் வெளிறிய புள்ளிகள் பனித்தூவல் மாதிரி கிடைக்கும். மரங்களை ஒற்றுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். தண்ணீர் பட்டால் டை மை கரைந்து பரவும். தாள் வழவழப்பாக, கெட்டியாக, 250 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாமல் இருக்கட்டும். சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் மரத்தின் ஊசியிலைகள் பாதிதான் பதியும்.

குறைகளும் உண்டு. வீட்டின் ஜன்னல் கோடுகள் மிக நெருக்கம்; மை கொஞ்சம் கூடினாலும் அடைத்துக்கொண்டு கரும்புள்ளியாகிவிடுகின்றன. வாழ்த்து வரிகளின் எழுத்து தேவைக்கு மேல் பெரியது. ஏ5 தாளை மடித்துச் செய்யும் ஏ6 அட்டையில் அது வானத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. காட்சிக்காக வாங்கும் செட்டில் எழுத்து ஒதுங்கி நிற்க வேண்டும் அல்லவா? புது ஸ்டாம்ப்களில் மை முதலில் முத்து முத்தாகத் திரண்டது. இது பாலிமரில் பொதுவாக வருவதுதான். பென்சில் அழிப்பானால் லேசாகத் தேய்த்ததும் சரியாகிவிட்டது.

கழுவுவதற்குத் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். கடுமையான கரைப்பான் திரவங்கள் பாலிமரைக் கெடுத்துவிடும். வெயில் படாமல் வையுங்கள். நாளடைவில் மஞ்சளாவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அச்சின் தரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

ஸ்டாம்பை மூடியில் மாட்டி ஒரே இடத்தில் ஒற்ற உதவும் ஸ்டாம்ப் பிளாட்ஃபார்ம் வாங்க வேண்டுமா என்றால், வீட்டுக்கு மட்டும் உதவும். சரியாகப் பதியாத கோட்டின்மேல் அதே இடத்தில் மறுபடி ஒற்றலாம். மரங்களுக்கு அது இடைஞ்சல்; ஒவ்வொன்றையும் மூடியில் இடம் மாற்றி மாட்டிக்கொண்டிருந்தால் காடு வளராது. ஸ்டாம்பை ஒட்டிப் பிடித்து ஒற்றும் அக்ரிலிக் பிளாக் இந்த செட்டோடு வரவில்லை. மலைமுகடு முழுதாகக் கொள்ளும் நீளத்தில் ஒன்றும், பறவைக்கும் வேலிக்கும் சிறியதாக ஒன்றும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.