முதல் கனூ: துணியா, ப்ளைவுட்டா, மரக்கீற்றா?

சொந்தக் கையால் ஒரு கனூ, அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் குறுகலான சிறு படகு, கட்டவேண்டும் என்று இறங்குகிறவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் வந்து நிற்கும். ப்ளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, எப்பாக்ஸி என்ற இரண்டு பாகங்களைக் கலந்து இறுகவிடும் பசையால் ஒட்டுவது ஒன்று. மெல்லிய மரக்கீற்றுகளை அச்சின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டி, உள்ளும் புறமும் ஃபைபர்கிளாஸ் (கண்ணாடியிழை) போர்த்துவது இன்னொன்று. மூன்றாவது, மரச்சட்டத்தை நூலால் வரிந்து கட்டி, அதன் மேல் துணியை இழுத்துத் தைத்துப் பூச்சு கொடுப்பது. இதை ஸ்கின்-ஆன்-ஃபிரேம் என்பார்கள். இங்கே துணிப் படகு என்றே சொல்லிவிடுகிறேன். நான் கட்டியது அதைத்தான். மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னாலும் அதையேதான் கட்டுவேன்.

ப்ளைவுட் படகு ஒன்றைக் கட்டும்போதும், பிறகு அதைப் பழுதுபார்க்கும்போதும் நண்பர் ஒருவருக்குக் கைகொடுத்திருக்கிறேன். மரக்கீற்றுப் படகு கட்டப்படுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், நானே கட்டியதில்லை. என் துணிப் படகு இறங்கியதும் அமைதியான, மெதுவாக ஓடும் தண்ணீரில்தான். நான் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எடையில் துணிப் படகுக்குப் போட்டி இல்லை. 14 அடி கனூ ஒன்று 15 கிலோவை ஒட்டி முடியும். அதே அளவில் மற்ற இரண்டும் 20 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். செலவிலும் துணிதான் கீழே, ஏனென்றால் எப்பாக்ஸி வாளி வாளியாகத் தேவைப்படாது. அழகில் மரக்கீற்றுப் படகை மிஞ்ச ஒன்றும் கிடையாது. நன்றாகக் கட்டினால் விற்கும்போது நல்ல விலை போவதும் அதுதான்.

ப்ளைவுட் முறைக்கு மதிப்பான ஒரு வரலாறு உண்டு. 1963-இல் பிரிட்டனில் வெளிவந்த மிரர் என்ற சிறு பாய்மரப் படகு, செம்புக் கம்பியையும் கண்ணாடியிழை நாடாவையும் வைத்து வீட்டுக்கு வீடு படகு கட்ட முடியும் என்று காட்டியது. அப்படி சுமார் 70,000 படகுகள் உருவாகியிருக்கின்றன. பலகைகளை வரைபடப்படி வெட்டி, ஓரத்தில் துளையிட்டு, கம்பியால் முறுக்கி இழுத்தால் தட்டைப் பலகை ஒரே மாலையில் படகு உருவம் எடுத்துவிடும். அந்த நேரத்து மகிழ்ச்சி உண்மையானது.

ஆனால் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எப்பாக்ஸியோடு மரத்தூளைக் குழைத்து மூட்டுகளில் பூசவேண்டும், கண்ணாடியிழை நாடா ஒட்டவேண்டும், காயவிடவேண்டும். சிலவகை எப்பாக்ஸியின் மேல் காய்ந்ததும் மெழுகு போல ஒரு படலம் படியும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் அடுத்த பூச்சு பூசினால் பிடிக்காது. பிசினும் கடினப்படுத்தியும் சொன்ன விகிதத்தில் துல்லியமாகக் கலக்கவேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று கடினப்படுத்தியைக் கூட்டினால் சரியாக இறுகாமல் போகும். அப்புறம் உப்புத்தாள். நாள் கணக்கில் உப்புத்தாள். சரியாக இறுகாத எப்பாக்ஸியின் தூள் தோலில் படப் பட ஒவ்வாமை வரலாம், வந்தால் சுலபத்தில் போகாது. கையுறை, முகமூடி, காற்றோட்டம் மூன்றும் இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

மரக்கீற்றுப் படகுக்கும் இதே எப்பாக்ஸி, இதே உப்புத்தாள், இன்னும் அதிகமாக. ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கனமும் இரண்டு செ.மீ. அகலமும் கொண்ட கீற்றுகளை அடிக்கு ஒரு அச்சு என்று நிறுத்திய வரிசையின் மேல் ஒட்டிக்கொண்டே போகவேண்டும். பொறுமைசாலிகளுக்கான வேலை. மரத்தைக் கையில் எடுத்துப் பழகாதவர் இதில் தொடங்கினால் அச்சு பாதி மூடிய நிலையில் தூசி படிந்து நின்றுவிடும் அபாயம் உண்டு. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் போதாது.

இனி துணிப் படகு. ஆர்க்டிக் மக்களின் கயாக்கும் உமியாக்கும், அயர்லாந்தின் கர்ராக்கும், மூங்கில் பின்னலில் தோல் போர்த்திய நம் பரிசலும் இந்தக் குடும்பம்தான். இன்றைய முறையில் தோலுக்குப் பதில் நைலான் அல்லது பாலியஸ்டர். சட்டத்துக்கு இரண்டு பாணிகள். ஒன்றில் ஆவியில் வேகவைத்து வளைத்த வங்குகள், அதாவது படகின் விலா எலும்பு போன்ற மரங்கள். அங்குல கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி என்பது கைக்கணக்கு. சூளையில் உலர்த்திய மரம் பெரும்பாலும் முறியும், பச்சை மரமோ காற்றில் உலர்ந்த மரமோதான் வளைந்து கொடுக்கும். இன்னொன்றில் அரை அங்குல ப்ளைவுட்டில் வெட்டிய குறுக்குச் சட்டங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் காடிகளில் (வெட்டுப் பள்ளங்களில்) நீளப்பட்டிகளை உட்கார வைத்து, ஒவ்வொரு சந்திப்பையும் மெழுகு தடவிய நைலான் நூலால் கட்டுவது. முதல் படகுக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். வளைத்த வங்கு அழகுதான், ஆனால் குறுக்குச் சட்டம் படகின் உருவத்தைத் தானே பிடித்துக்கொடுத்துவிடும்.

குறுக்குச் சட்டத்தை வெட்டும்போது பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம். இரண்டு காடிகளுக்கு நடுவே உள்ள விளிம்பை நேராக விடாமல், உள்பக்கமாகக் குழிவாக வெட்டவேண்டும். படகு தண்ணீரில் இறங்கியதும் நீரின் அழுத்தத்தில் துணி பட்டிகளுக்கு நடுவே சற்று உள்ளே அமுங்கும். விளிம்பு நேராக இருந்தால் துணி அதில் போய் உரசும். தேய்மானம் அங்கேதான் ஆரம்பிக்கும். துணி படும் பட்டிகளின் முனைகளையும் விரலால் தடவினால் உறுத்தாத அளவுக்கு உருட்டிவிடவேண்டும்.

சரி, நான் துணியின் பக்கம் சாய்வதற்கு எடையும் செலவும் முதல் காரணம் இல்லை. இந்தப் படகை எந்தக் கட்டத்திலும் பிரித்துக் கட்டலாம், அதுதான் காரணம். முதல் படகு கட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேறில்லை.

முறுக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கட்டுகிற எல்லாப் படகையும் மிரட்டுவது அதுதான். அணியமும் (முன்முனை) பின்னணியமும் (பின்முனை) ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் சட்டம் லேசாகத் திருகிக்கொள்ளும். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூல் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் தெரிந்துவிடும். துணிப் படகில் அந்தப் பகுதியில் உள்ள நாலைந்து கட்டுகளை அறுத்து, பட்டியை நகர்த்தி, திரும்பக் கட்டினால் தீர்ந்தது. நட்டம் கொஞ்சம் நூல். ப்ளைவுட் படகிலும் கம்பி நிலையில் இருக்கும்வரை இப்படித் திருத்தலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் மூட்டில் எப்பாக்ஸி இறுகிவிட்டால் அந்தத் திருகல் படகின் ஆயுள் முழுக்கக் கூடவே வரும். சற்றே ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போகும், துடுப்புப் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் அதைச் சரிக்கட்டவேண்டும்.

கட்டு என்றால் ஏனோதானோ முடிச்சு இல்லை. நூலைப் பல சுற்றுச் சுற்றி, ஒரு மரத்துண்டில் சுற்றிப் பிடித்துப் பலம் கொடுத்து இழுத்து, பிறகு இரு மரங்களுக்கும் நடுவே குறுக்கே சுற்றி நெரிக்கவேண்டும். அந்தக் குறுக்குச் சுற்றுதான் முதல் சுற்றுகளை இறுக்குகிறது. கட்டைத் தட்டினால் மரம் மாதிரியே ஒலிக்கவேண்டும். திருகாணி மரத்தின் ஒரு புள்ளியைப் பிடிக்கிறது. படகு நெளியும்போது அந்தப் புள்ளி விரிந்து, துளை தளர்ந்து, மெல்லிய பட்டியாக இருந்தால் பிளந்தும் விடும். நூல் மரத்தைச் சுற்றிப் பிடிப்பதால் கொஞ்சம் நெளிந்து, பழையபடி நிற்கும். பசை தேவைப்படுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். கணு இல்லாத, ரேகை நேராக ஓடும் நீளமான மரம் கிடைக்காவிட்டால் இரண்டு துண்டுகளைச் சாய்வாகச் சீவி ஒட்டவேண்டும். சாய்வின் நீளம் கனத்தைப்போல் எட்டு மடங்காவது இருக்கட்டும்.

துணியும் அப்படித்தான். பாலியஸ்டரைச் சட்டத்தின் மேல் இழுத்து விளிம்புச் சட்டத்தில் துருப்பிடிக்காத பின்களால் அடித்து, இரு முனைகளிலும் தைத்த பிறகும் அங்கங்கே சுருக்கம் நிற்கும். இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு தடவினால் துணி சுருங்கி முரசுத் தோல் போல விறைத்துக்கொள்ளும். தையல் மனசுக்குப் பிடிக்கவில்லையா? பூச்சு கொடுப்பதற்கு முன் உருவிவிட்டு மறுபடி தைக்கலாம். பூச்சு கொடுத்து வருடங்கள் கழிந்த பிறகும் துணி முழுவதையும் அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போர்த்தலாம். சட்டம் அப்படியே இருக்கும்.

பராமரிப்பில் இதே குணம் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. நண்பரின் ப்ளைவுட் படகில் ஏதோ ஒரு திருகாணித் துளை வழியாக ஈரம் கண்ணாடியிழைக்கு அடியில் போய்விட்டது. வெளியே தெரிந்தது கையகலக் கறுப்புத் திட்டு மட்டும். அதைச் சரிசெய்ய ஃபைபர்கிளாஸைத் தேய்த்து எடுத்து, மரத்தை உலரவிட்டு, மறுபடி எப்பாக்ஸி, மறுபடி உப்புத்தாள், மேலே வெயில் தாங்கும் வார்னிஷ். எப்பாக்ஸி தனியாக வெயிலைத் தாங்காது என்பதால் அந்த வார்னிஷை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டும் இருக்கவேண்டும். துணிப் படகில் மரம் எதற்குள்ளும் மூடிக் கிடப்பதில்லை. கவிழ்த்துவைத்து எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பட்டியும் ஒவ்வொரு கட்டும் கண்ணுக்குத் தெரியும். எங்கே கறுத்திருக்கிறது, எங்கே நூல் தளர்ந்திருக்கிறது என்று தேடவேண்டிய அவசியமே இல்லை.

கிழிந்தால்? 1976-இல் டிம் செவெரின் என்ற ஆய்வாளர், 49 மாட்டுத்தோல்களைத் தைத்துப் போர்த்திய 36 அடிப் படகில் அயர்லாந்திலிருந்து கிளம்பி, ஐஸ்லாந்தில் குளிர்காலத்தைக் கழித்து, 1977 ஜூனில் நியூஃபவுண்ட்லாந்தை அடைந்தார். வழியில் பனிக்கட்டிகள் குத்தித் தோலில் ஓட்டை விழுந்தது. மாலுமிகள் உறைய வைக்கும் தண்ணீரில் கையை விட்டு, நடுக்கடலிலேயே ஒட்டுத்தோல் வைத்துத் தைத்துவிட்டார்கள். நம் சிறு கனூவில் இதுவும் வேண்டியதில்லை. கரையில் துடைத்துக் காயவைத்து அகலமான ஒட்டு நாடாவை ஒட்டினால் வீடு வரை வந்துவிடும். வீட்டில் அதே துணியில் ஒரு துண்டும் கொஞ்சம் பூச்சும் போதும்.

குறைகளையும் சொல்லியாகவேண்டும். கூர்மையான பாறைகள் நிறைந்த, வேகமாக ஓடும் ஆறுதான் உங்கள் தண்ணீர் என்றால் துணிக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். நைலான் அடியை நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அது ஈரத்தில் தொய்ந்து, காய்ந்ததும் இறுகும். பாலியஸ்டர் ஈரத்தில் அவ்வளவாகத் தொய்யாது என்பதால்தான் அதை எடுத்தேன். இரண்டிலுமே காலை எப்போதும் உள்ளே போட்ட மரத்தட்டின் மேல்தான் வைக்கவேண்டும், துணியின் மேல் அல்ல. கரையில் இழுத்துக்கொண்டு போகும் பழக்கம் இருந்தால் ஏராவின் (அடியில் நடுவே நீளமாக ஓடும் மரம்) மேல் வரும் துணிதான் முதலில் தேயும்; அங்கே வெளிப்பக்கம் ஒரு மரப்பட்டி அடித்துவிடுவது நல்லது. துணிக்கும் ஏராவுக்கும் நடுவே மணல் போய்ச் சிக்கிக்கொள்ளும். வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் கவிழ்த்துப் பிடித்துத் தண்ணீர் அடித்துக் கழுவி, நன்றாக உலர்த்தித்தான் நிழலில் வைக்கவேண்டும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. ப்ளைவுட் படகில் இரு முனைகளிலும் காற்றுப்புகாத அறைகள் அமைத்துவிடலாம். துணிக் கனூவில் அது கிடையாது. கவிழ்ந்து நீர் நிரம்பினால் மரம் மிதக்கும், ஆனால் படகு விளிம்பு வரை அமிழ்ந்து உங்களைத் தாங்காது. முன்னும் பின்னும் காற்றுப்பைகளைக் கட்டாமல் தண்ணீரில் இறக்காதீர்கள். உடம்பில் மிதவைச் சட்டை இருக்கவேண்டும் என்பது மூன்று படகுக்கும் பொது.

இன்னும் தயக்கமாக இருந்தால் மரம் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நாலு குச்சிகளை ஒரு முழ அளவில் சதுரமாகக் கட்டி, அதன் மேல் துணியை இழுத்து அடித்து, இஸ்திரி போட்டு, பூச்சு கொடுங்கள். முதல் பூச்சு மெல்லியதாக, இழைக்குள் ஊறும்படி இருக்கட்டும். அது பிடித்த பிறகு மேலே இரண்டு மூன்று. காய்ந்ததும் இருட்டில் பின்னால் விளக்கைப் பிடித்தால் ஊசித்துளைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அவற்றை அடைத்துவிட்டு ஒரு கிளையால் குத்திப் பாருங்கள், பிறகு கத்தியால் கிழித்து ஒட்டுப் போட்டு, ஒரு இரவு தண்ணீரில் மிதக்கவிடுங்கள். அடுத்த நாள் கட்டுகளையும் ஒட்டையும் பார்த்துவிட்டு மரத்துக்குப் போகலாம்.