மாவட்டக் காவல்துறைப் புகார் ஆணையம்: ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஸ்டேஷனில் அடிபட்டு வந்த பையனின் அம்மாவுக்கு இந்த ஆணையத்துக்கு மனு எழுதினேன். யார் விசாரிப்பார்கள் என்று கேட்டார். தலைவர் கலெக்டர், உறுப்பினர்களில் எஸ்.பி.யும் உண்டு என்றேன். "எஸ்.பி.யா?" கைநாட்டு வைக்க மையில் தொட்ட விரலை இழுத்துக்கொண்டார். அந்த பயம் நியாயம்தான்.

2006-இல், காவல்துறைச் சீர்திருத்தம் கேட்ட பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் தனி அமைப்பு. நம் தமிழ்நாட்டின் 2013 காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் அதிகாரிகளையே உட்கார வைத்துவிட்டது. மாநில அளவிலும் உள்துறைச் செயலர், டி.ஜி.பி.தான். நீதிபதி வரும்வரை கூடுதல் நட்சத்திரம் கிடையாது.

சரி, மனு கொடுத்தால் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் நகராதீர்கள்.