ஜெர்மனியா, இத்தாலியா, பிரான்ஸா: குறைந்த செலவில் மாஸ்டர்ஸ் படிக்க எது யாருக்கு?

"ஜெர்மனியில் படிப்பு இலவசம்தானே, அப்புறம் எதற்குப் பன்னிரண்டு லட்சம்?" பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. கல்விக் கட்டணத்தை மட்டும் வைத்து நாடுகளை வரிசைப்படுத்தும் வீடியோக்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை. மொத்தம் எவ்வளவு செலவாகும் என்பதைவிட, விமானம் ஏறும் முன் எவ்வளவு கையில் இருக்க வேண்டும் என்பதுதான் நடுத்தரக் குடும்பங்களின் முடிவைத் தீர்மானிக்கிறது. அந்தக் கண்ணோட்டத்தில் மூன்று நாடுகளைப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் எல்லோருக்கும் இலவசமாக இருந்த ஸ்வீடன் 2011-லும், பின்லாந்து 2017-லும், நார்வே 2023-லும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டன. "நார்வே இலவசம்" என்று யாராவது சொன்னால் அது பழைய செய்தி. கணக்கு எளிதாக இருக்க, இனி ஒரு யூரோவை நூறு ரூபாய் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்கு 100 முதல் 350 யூரோ வரை ஒரு பங்களிப்புத் தொகை கட்டினால் போதும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடங்கும். விதிவிலக்குகளும் உண்டு. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் ஆகிய ஊர்கள் உள்ள பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், 2017 முதல் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கேட்கிறது. தனியார் கல்லூரிகளின் கணக்கே வேறு, அங்கே கட்டணம் லட்சக்கணக்கில் போகும்.

பெற்றோர் கேட்கும் பன்னிரண்டு லட்சம் பிளாக்டு அக்கவுண்ட்டுக்குப் போவது. விசாவுக்கு முன்பே 11,904 யூரோவை அதில் போட்டு முடக்கிவிட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ நம் கைக்கு வரும். கட்டணமாகப் போய்விடும் பணம் இல்லை, சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் நாமே செலவழிக்கப்போகும் பணம்தான். ஆனால் மொத்தமாக, முன்கூட்டியே வேண்டும். சேமிப்போ, ஈடு வைக்க வீடோ இல்லாத குடும்பத்துக்கு இந்த இடத்தில்தான் ஜெர்மனியின் கதவு மூடிக்கொள்கிறது. அதோடு நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். அதற்கு 18,000 ரூபாய்.

மதிப்பெண்ணையும் சொல்லியாக வேண்டும், நிறையப் பேர் தடுக்கி விழுவது அங்கேதான். ஜெர்மனியில் 1 தான் சிறந்த மதிப்பெண், 4 என்றால் வெறும் தேர்ச்சி. நம் சி.ஜி.பி.ஏ.வை அவர்கள் ஒரு சூத்திரம் வைத்து மாற்றுகிறார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நம் மதிப்பெண்ணைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 7.5 எடுத்தவர், தேர்ச்சிக்கு 5 என்ற கல்லூரியில் படித்திருந்தால், 2.5 வருகிறது. பல படிப்புகள் கோடு போடுவது அந்த 2.5-ல்தான். 7.2 எடுத்தவருக்கு 2.68. வெளியே நிற்க வேண்டியதுதான். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இத்தாலி இதற்கு நேர் எதிர். அங்கே அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பெரும்பாலும் குடும்ப வருமானமும் சொத்தும் தீர்மானிக்கின்றன. இந்தக் கணக்குக்கு இசே என்று பெயர், வெளிநாட்டு மாணவர்களுக்கு அதில் தனி வடிவம் இருக்கிறது. வருமானம் குறைவாக இருந்தால் கட்டணம் பூஜ்யத்துக்கே இறங்கும். அதற்கு மேல், மாகாண அரசுகள் தரும் டி.எஸ்.யு. உதவித்தொகையும் உண்டு. வெளியூர் மாணவருக்கு ஆண்டுக்கு 7,000 யூரோவை ஒட்டி வரும். சில இடங்களில் அதன் ஒரு பகுதி விடுதி அறையாகவும் உணவாகவும் கிடைக்கும். மதிப்பெண் போட்டியைவிட முதலாண்டில் குடும்ப நிலைதான் முக்கியம். சாதாரண வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஐரோப்பாவில் இதைவிட நேர்மையான வாய்ப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

கணக்கு எப்படிப் போகும் என்று ஓர் உதாரணம் பார்க்கலாம். நான்கு பேர் கொண்ட குடும்பம், ஆண்டு வருமானம் ஆறு லட்சம், சொந்தமாக ஆயிரம் சதுர அடி வீடு. வெளிநாட்டில் உள்ள வீட்டைச் சந்தை விலையில் மதிப்பிடாமல் சதுர மீட்டருக்கு 500 யூரோ என்றே வைக்கிறார்கள். ஆயிரம் சதுர அடி என்றால் ஏறக்குறைய 93 சதுர மீட்டர், அதாவது 46,500 யூரோ. அதில் 20 சதவீதம், 9,300 யூரோ, வருமானமான 6,000 யூரோவுடன் சேரும். வரும் 15,300-ஐ நான்கு பேர் குடும்பத்துக்கான 2.46-ஆல் வகுத்தால் 6,200 சொச்சம். கட்டண விலக்குக்கான வரம்புக்கு வெகு கீழே. தள்ளுபடிகள், வங்கி இருப்பு என்று சிறு மாற்றங்கள் வரலாம், ஆனால் போக்கு இதுதான். வீடு எத்தனை சதுர மீட்டர் என்று ஆவணத்தில் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுதான்.

இதற்கு விலையாக நாம் கொடுப்பது அலைச்சல். வருமானச் சான்று, வீட்டு ஆவணம், குடும்ப உறுப்பினர் விவரம், டிசம்பர் 31 அன்றைய வங்கி இருப்பு என்று எல்லாவற்றையும் தயார் செய்து, அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு போடும் முத்திரை) வாங்கி, இத்தாலிய மொழிக்கு மாற்ற வேண்டும். தாலுகா அலுவலகத்தில் ஒரு காகிதத்தில் அப்பாவின் இனிஷியல் மாறியிருந்தால்கூட வாரக்கணக்கில் தள்ளிப்போகும். அதோடு உதவித்தொகையின் முதல் தவணை பொதுவாக டிசம்பர் வாக்கில்தான் வரும். செப்டம்பரில் போய் இறங்குபவர் வீட்டு முன்பணத்தையும் மூன்று, நான்கு மாதச் செலவையும் சொந்தமாகத்தான் சமாளிக்க வேண்டும். விசாவுக்கு வங்கியில் பணம் காட்டவும் வேண்டும். தகுதி இருந்தும் நிதி போதாமல் பணம் கிடைக்காதவர்களும் சில மாகாணங்களில் உண்டு, அவர்களுக்குக் கட்டண விலக்கு மட்டும் மிஞ்சும். முதலாண்டில் குறைந்தபட்ச கிரெடிட்டுகளை எடுக்கத் தவறினால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்வார்கள். இதை நம் ஆட்கள் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

பிரான்ஸ் இரண்டுக்கும் நடுவில். 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குத் தனிக் கட்டணம், இப்போது அரசுப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸுக்கு ஆண்டுக்கு 3,900 யூரோ அளவில். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் விலக்கு தந்து, உள்ளூர் மாணவரின் கட்டணமான 250 யூரோ சொச்சத்தையே வாங்குகின்றன. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு என்று ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். மாணவர் உணவகத்தில் மலிவாக முழுச் சாப்பாடு கிடைப்பது பெரிய ஆறுதல். வீட்டு வாடகைக்கு அரசு தரும் உதவியை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஐரோப்பியர் அல்லாத மாணவர்களுக்கு அதை நிறுத்தும் முயற்சி 2026 பட்ஜெட்டில் வந்தது. இன்னொன்று, "பிரான்ஸில் எம்.பி.ஏ." என்று நாளிதழ் விளம்பரங்களில் வருபவை பெரும்பாலும் தனியார் பிசினஸ் ஸ்கூல்கள், அவற்றின் கட்டணம் இந்தக் கட்டுரையில் அடங்காது.

படிப்பு முடிந்த பிறகு வேலை தேட ஜெர்மனி 18 மாதமும், இத்தாலி 12 மாதமும், மாஸ்டர்ஸ் முடித்த இந்தியர்களுக்கு பிரான்ஸ் இரண்டு ஆண்டு வரையும் தருகின்றன. ஆனால் அனுமதி வேறு, வேலை வேறு. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், ஆட்டோமொபைல் படித்தவருக்கு ஜெர்மனியில் இருக்கும் தொழிற்சாலைகளின் எண்ணிக்கைக்கு இத்தாலி ஈடாகாது, இத்தாலியில் சம்பளமும் குறைவு. மூன்று நாட்டிலும் ஆங்கிலத்தில் படித்து முடித்துவிடலாம், உள்ளூர் மொழி இல்லாமல் நல்ல வேலை கிடைப்பதுதான் அரிது. சென்னையில் ஜெர்மனுக்கு கோத்தே நிலையமும் பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸும் இருக்கின்றன. இறுதியாண்டிலேயே சேர்ந்துவிடுவது நல்லது.

என் முடிவு இது. 7.5-க்கு மேல் மதிப்பெண், பொறியியல் பாடம், பன்னிரண்டு லட்சத்தைக் கடனாகவாவது புரட்ட வழி, இந்த மூன்றும் இருந்தால் ஜெர்மனி. வாடகை குறைவான கெம்னிட்ஸ், மாக்டெபுர்க் போன்ற ஊர்களை முதலில் பாருங்கள். குடும்ப வருமானம் குறைவு, பெரிய கடனுக்கு வழியில்லை, ஆனால் காகித வேலைக்குப் பொறுமை உண்டு என்றால் தயங்காமல் இத்தாலி. ஏற்கெனவே கொஞ்சம் பிரெஞ்சு தெரியும், அல்லது அடிப்படை அறிவியலில் ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் உண்டு என்றால் பிரான்ஸ்.

கன்சல்டன்சியில் இத்தாலி அரசுப் பல்கலைக்கழகம் பற்றிக் கேட்டால் பேச்சு வேறு நாட்டுத் தனியார் கல்லூரிக்கு நழுவுவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். சேர்த்துவிடும் மாணவருக்குத் தனியார் கல்லூரி கமிஷன் தரும், அரசுப் பல்கலைக்கழகம் பொதுவாகத் தராது. மூன்று நாட்டுக்கும் நாமே நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஜெர்மனிக்குப் போகிறவர்கள் ஏ.பி.எஸ். வேலையையும், இத்தாலிக்குப் போகிறவர்கள் அப்போஸ்டில் வேலையையும் அடுத்த செப்டம்பரில் சேர வேண்டுமென்றால் இந்த டிசம்பருக்குள் தொடங்கிவிட வேண்டும்.