பனியில் நடந்த 24 பாடல்கள்: ஓர் இசைத்தட்டு மதிப்புரை

தைப்பூசத்துக்கு முந்திய வாரம், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டைத் தாண்டிப் பாதயாத்திரைக் கூட்டம் திருச்செந்தூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நாள்களில்தான், ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் ஷூபர்ட் 1827-இல் இசையமைத்த 'குளிர்காலப் பயணம்' என்னும் பாடல் தொகுதியை, டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ் பாட, ஜெரால்டு மூர் பியானோ வாசித்த 1971-ஆம் ஆண்டுப் பதிவில் முழுமையாகக் கேட்டேன். காதலில் தோற்ற ஒருவன் இரவோடு இரவாக ஊரை விட்டுக் கிளம்பிப் பனியில் நடந்துகொண்டே இருப்பதுதான் ஜெர்மன் கவிஞர் வில்ஹெல்ம் முல்லரின் இந்த 24 கவிதைகளுக்கும் பொருள்.

பாடகர் வாய் திறக்கும் முன்பே பியானோ நடக்கத் தொடங்கிவிடுகிறது. முதல் பாடலில் ஒரே சீராக விழும் அந்த அடிகளை மூர் எங்கும் நாடகமாக்கவில்லை. கடைசிச் சரணத்தில், உறங்குகிறவளின் வாசலில் இரவு வணக்கம் எழுதி வைத்துவிட்டு அவன் போகும்போது, சோகத்துக்கு உரியது என்று பெயரெடுத்த மைனர் சுரவரிசை மேஜராகிறது. நம் கர்நாடக இசைக் கணக்கில், சாதாரண காந்தாரம் இருந்த இடத்தில் அந்தர காந்தாரம் வந்து அமர்கிறது. மகிழ்ச்சிக்கு உரியது என்று பெயரெடுத்த மேஜர், அங்கே துக்கத்தைக் கூட்டுகிறது.

இறுதிப் பாடலில், ஊருக்கு வெளியே வெறுங்காலோடு பனியில் நின்று, ஹர்டி-கர்டி என்னும் கருவியைக் கைப்பிடி சுழற்றி வாசிக்கும் கிழவன் ஒருவன் வருகிறான். அவனுடைய தட்டில் ஒரு காசுகூட இல்லை. பியானோவின் இடக்கை ச-ப என்ற இரண்டு சுரங்களை மட்டும் சுருதிப் பெட்டி போலப் பிடித்துக்கொண்டிருக்க, குரல் ஏறக்குறைய பேச்சாகிவிடுகிறது. இந்த ஒரு பாடலுக்காகவே தட்டை வாங்கலாம்.

நடைக்காகவே பாட்டுக் கட்டுவது நம் சீமைக்கும் புதிதன்று. ஊற்றுமலை ஜமீனின் ஆதரவில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் எழுதிய காவடிச் சிந்தின் துள்ளலில், கழுகுமலைக்குப் போகிறவர்களின் கால் கேட்கும். ஆனால் அங்கே வழி முடியும் இடத்தில் முருகன் இருக்கிறான். முல்லரின் வழிப்போக்கனுக்குப் போய்ச் சேர ஓர் ஊரும் இல்லை. (முல்லர் 32 வயதிலும் ஷூபர்ட் 31 வயதிலும் இறந்தார்கள், ரெட்டியார் முப்பதையே தொடவில்லை.)

குறைகளும் உண்டு. வேகமான சில பாடல்களில் ஃபிஷர்-டீஸ்காவ் சொற்களுக்குக் கொடுக்கும் அழுத்தம் மிகுந்து, பாட்டு பாடமாகிவிடுகிறது. நான் வாங்கியது பழைய தட்டு. முழுமையானது என்று சொல்லி விற்றவர், பாடல் வரிகள் அச்சிட்ட சிறுநூலை அனுப்பவேயில்லை. ஜெர்மன் தெரியாதவர்கள் ஒவ்வொரு கவிதையின் பொருளையும் முன்பே படித்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் பாதி இழப்புதான். கைபேசி ஒலிபெருக்கியில் கேட்டால் இடக்கைச் சுரங்கள் காணாமல் போகின்றன. ஹெட்போன் கட்டாயம் வேண்டும். முழுவதும் கேட்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், தெரு அடங்கிய பிறகு, இரவு பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.