எத்தனை நாளாகும்? ஒரே கேள்விக்கு மூன்று பதில்

கம்பம்மெட்டுப் பக்கம் ஏலக்காய் ஸ்டோர், அதாவது பச்சை ஏலக்காயைக் கூலிக்கு உலர்த்தித் தரும் இடம், வைத்திருப்பவரிடம் ஒரு சாக்குப் பச்சைக்காயைக் காட்டி, "அண்ணே, காய்ந்தால் எத்தனை கிலோ நிற்கும்?" என்று கேட்டால் உடனே எண் வராது. சாக்குக்குள் கையை விட்டு நாலு காயை எடுத்து உரிப்பார், உள்ளே அரிசி (விதை) கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார். எந்தத் தோட்டம், நேற்று மழையா என்று விசாரிப்பார். அப்புறம்தான், "அஞ்சுக்கு ஒண்ணு நிற்கும், இளங்காய் கிடக்கு, கொஞ்சம் குறையலாம்" என்பார்.

இந்த ஸ்டோர்களின் கணக்குக்கு ஒரு ஆப் செய்ய வேண்டும் என்பது என் திட்டம். வந்த எடை, உலர்த்தும் கூலி, திரும்பிய எடை என எல்லாம் இன்னும் நோட்டுப் புத்தகத்தில்தான் ஓடுகிறது. எனக்கு கோடிங் தெரியாது. ஆப்பை எழுதித் தந்து தொழிலில் பங்காளியாகவும் இருக்கும் டெக்னிக்கல் கோ-ஃபவுண்டர் ஒருவரைத் தேடினேன். இரண்டு பக்க விவரத்தை மூன்று பேருக்கு அனுப்பி, எத்தனை நாளாகும் என்று கேட்டேன்.

முதலாமவர் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் பதில் போட்டார்: 90 நாள், 4 லட்சம். ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. வெளியே ஒரு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைப்பதாக இருந்தால் இப்படி முழு வேலைக்கும் ஒரே விலை கேட்டு வாங்குவது தப்பில்லை. எது வேண்டும் என்று எழுதி, தவணை பிரித்து, கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் விவரம் இரண்டு பக்கமாக இருக்கும்போது சொல்லும் எண் எவ்வளவு தூரம் போகும்? ஆரம்பக் கட்டக் கணிப்பு நான்கு மடங்கு கூடவும் செய்யலாம், கால் பங்காகக் குறையவும் செய்யலாம் என்று மென்பொருள் செலவுக் கணிப்பை ஆராய்ந்த பாரி போம் 1981லேயே எழுதிவிட்டார். அந்தக் கணக்கில் 90 நாள் என்பது 23 நாளாகவும் இருக்கலாம், ஒரு வருடமாகவும் இருக்கலாம். பங்காளியாக வருகிறவர் அந்த எண்ணைக் காப்பாற்றவே வேலை செய்ய ஆரம்பித்தால் நமக்கு என்ன லாபம்?

இரண்டாமவன் என்னைவிட இளையவன், தம்பி என்றுதான் கூப்பிடுவேன்; பாலக்காட்டுக்காரன், ஊர் கொழிஞ்சாம்பாறை. வேலையைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மூன்று எண் போட்டிருந்தான்: எல்லாம் சரியாக அமைந்தால், வழக்கமாக, எல்லாம் கெட்டால். அமெரிக்கக் கடற்படை 1950களின் இறுதியில் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்குப் போட்ட கணக்குதான் இது. நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். ஓடிபி லாகினுக்கு 2, 3, 10. விடை 4 நாள். சிக்னல் இல்லாதபோது பதிந்ததைப் பிறகு ஒத்திசைப்பதற்கு 5, 10, 45, விடை 15.

என் கண் அந்த 45இல்தான் நின்றது. "அதென்ன 45?" என்றேன். மலையில் சிக்னல் இல்லாத நேரத்தில் இரண்டு போன் ஒரே சாக்கைப் பதிந்தால் எது சரி என்று யார் சொல்வது என்று கேட்டான். தராசுப் பக்கத்தில் ஒரு போன்தான் இருக்கும், மற்றவர்கள் பார்க்க மட்டும்தான் என்றேன். 45ஐ அடித்து 12 என்று எழுதினான். 15 நாள் ஒன்பதரையானது. முதலாமவரிடம் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இதிலும் ஓட்டை உண்டு. தன் வேலைக்கு மனிதன் குறைத்தே நாள் சொல்வான் என்பதை உளவியலாளர்கள் கானெமான், ட்வெர்ஸ்கி 1979இல் எழுதினார்கள். 'எல்லாம் கெட்டால்' என்ற எண்ணும் அதிலிருந்து தப்பாது. அதனால், போன வேலைக்கு எத்தனை நாள் சொன்னாய், எத்தனை ஆனது என்று கேட்டேன். ஒரு மாதம் சொல்லி மூன்று மாதம் ஆனதாம். தயங்காமல் சொன்னான்.

மூன்றாமவர் எண்ணே தர மறுத்தார். இரண்டு வாரம் ஒரு சின்னத் துண்டை மட்டும் சேர்ந்து செய்து பார்ப்போம், அதற்குக் கூலி கொடுங்கள் என்றார். கூலி கேட்டது நியாயம். இலவசமாக 'சோதனை வேலை' வாங்குவது சுரண்டல். வழி எனக்குப் பிடித்தது. ஆனால் அவருக்கு முழுநேர வேலை, மாதம் இரண்டு ஞாயிறுதான் ஒழிகிறது.

எனவே அவர் வழியை தம்பியிடம் கொண்டுபோனேன். எடை பதிந்து சீட்டு அடிப்பது மட்டும். 14 நாள் என்று பேசி 19 ஆனது. சின்ன தெர்மல் பிரிண்டரில் தமிழ், மலையாளம் இரண்டுமே வரவில்லை, 'ழ' இருக்க வேண்டிய இடத்தில் கட்டம். கடைசியில் எழுத்தைப் படமாக மாற்றித்தான் அச்சடித்தான். சிக்கலை அவன் ஆறாம் நாளே போன் போட்டுச் சொன்னதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

இத்தனை நாள் வேலைக்கு கம்பெனியில் இவ்வளவு பங்கு என்று நாள் கணக்கைப் பங்காக மாற்றும் யோசனையை நானும் தம்பியும் விட்டுவிட்டோம். 90 நாள் 300 ஆனால் அந்தக் கணக்கு என்னாவது? நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் பங்கு, முதல் வருடத்துக்குள் விலகினால் ஒன்றுமில்லை என்ற வழக்கமான ஏற்பாடுதான். உழைப்புக்கு ஈடாக ஸ்வெட் ஈக்விட்டி என்ற பங்கு கொடுத்தால் 2013 கம்பெனிச் சட்ட விதிகளின்படி மூன்று வருடம் விற்க முடியாது, அதையும் சொல்லிவிட்டேன்.

அடுத்தது ப்ளூடூத் தராசு. எத்தனை நாள் என்றால் தம்பி வாயே திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் மேலே வந்து தராசைப் பார்த்த பிறகுதான் சொல்வானாம்.